பார்பரா எழுந்து நின்ற மாதம்

பல ஆண்டுகள் நேசித்த ஒரு கதாபாத்திரம், செயலிழந்த கால்கள் குணமாகி எழுந்து நடக்கிறது. அதைப் பார்த்து எனக்குத் துக்கம் வந்தது. இப்படி வருந்துவது நியாயமா என்ற கேள்வி 2011 செப்டம்பரிலிருந்து என்னை விட்டபாடில்லை. அந்த மாதத்தில்தான் பேட்மேன் கதைகளில் வரும் பார்பரா கார்டன் சக்கர நாற்காலியை விட்டு எழுந்து, முகமூடியை மாட்டிக்கொண்டு, மீண்டும் பேட்கேர்ளாகக் கோதம் நகரத்தின் கூரைகளுக்கு மேலே தாவினாள். எழுதியவர் கேல் சிமோன். அவரைவிட பார்பராவை நன்றாக அறிந்த எழுத்தாளர் அப்போது யாருமில்லை. அர்டியன் ஸியாஃபின் ஓவியங்களிலும் குறையில்லை. இருந்தும், வாசித்து முடித்தபோது ஒரு சாவு வீட்டுக்குப் போய்த் திரும்பிய கனம் நெஞ்சில் தங்கியது. அதற்குப் பிறகு எத்தனையோ முறை அந்த இதழைக் கையில் எடுத்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் பாராட்டும் கோபமும் சேர்ந்தே எழுகின்றன. பேட்மேன், சூப்பர்மேன் காமிக்ஸை வெளியிடும் டி.சி. நிறுவனத்தின் ‘நியூ 52’ மறுதொடக்கம் நல்லதா கெட்டதா என்று யாராவது கேட்டால் ஒரே சொல்லில் என்னால் பதில் சொல்ல முடிவதில்லை. அதற்கு முதல் காரணம் இந்த இதழ்தான்.

அந்த ஆண்டில் நடந்தது இதை வாசிப்பவர்களுக்குத் தெரிந்த கதை. டி.சி. உலகத்தின் வரலாற்றையே மாற்றிய ‘ஃப்ளாஷ்பாயின்ட்’ கதை முடிந்தது, பழைய தொடர்கள் அனைத்தும் நிறுத்தப்பட்டன, 52 தலைப்புகள் ஒன்றாம் எண்ணிலிருந்து புதிதாகப் புறப்பட்டன. 904 இதழ்கள் கண்டிருந்த ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’, 881 இதழ்கள் கண்டிருந்த ‘டிடெக்டிவ் காமிக்ஸ்’ இரண்டுக்கும் அதே கதிதான். நிறுவனத்தின் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. விற்பனை இறங்கிக்கொண்டே இருந்தது. புதிதாக வாசிக்க ஆசைப்படும் ஒருவர் எங்கே தொடங்குவது என்று கேட்டால், நீண்டநாள் வாசகர்களான எங்களுக்கே பதில் தெரியாது. அச்சுப் பிரதி கடைக்கு வரும் அதே நாளில் மின்பிரதியையும் வெளியிடும் ஏற்பாட்டை அந்த மறுதொடக்கத்தோடு சேர்த்து எல்லாத் தலைப்புகளுக்கும் கொண்டுவந்தார்கள். அது துணிச்சலான முடிவு. ஜெஃப் ஜான்ஸ் எழுதி ஜிம் லீ வரைந்த ‘ஜஸ்டிஸ் லீக்’ முதல் இதழ் இரண்டு லட்சம் பிரதிகளைத் தாண்டியது. லட்சம் பிரதி விற்பதே அபூர்வமாகிவிட்ட காலம் அது. கடைகளைக் காப்பாற்றிய மாதம் என்று அதைச் சொல்பவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை.

கைக்கு வந்தவை

கிடைத்ததை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் கிடைத்தது கொஞ்சமல்ல. ‘பேட்மேன்’ ஐந்தாம் இதழை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்காட் ஸ்நைடர் எழுத, கிரெக் கபுல்லோ வரைந்தது. ஆந்தைகள் மன்றம் என்ற ரகசியக் கூட்டம் கட்டிவைத்த நிலத்தடிச் சுழல்வழிக்குள் புரூஸ், அதாவது பேட்மேன், நாள்கணக்கில் அலைந்துகொண்டிருக்கிறான். உணவில்லை, தூக்கமில்லை. எந்தக் கதவைத் திறந்தாலும் ஏற்கெனவே பார்த்த அறையே திரும்ப வருகிறது. அவன் புத்தி பிறழத் தொடங்கும் இடத்தில் பக்கமும் பிறழ்கிறது. கட்டங்கள் பக்கவாட்டில் சாய்கின்றன. வாசிக்க வேண்டுமானால் புத்தகத்தைத் திருப்பிப் பிடிக்க வேண்டும். இன்னும் சில பக்கங்கள் போனால் முழுதும் தலைகீழ். பக்கத்தைப் புரட்டும் திசையே மாறிவிடுகிறது. ஒரு கணம் அச்சுப் பிழையோ என்று சந்தேகம் வருகிறது. அந்தச் சந்தேகம் தெளிவதற்குள் நம் கைகளும் அவனோடு சேர்ந்து வழி தவறிவிட்டிருக்கின்றன. திரையில் இது சாத்தியமில்லை, நாவலிலும் சாத்தியமில்லை. கையில் பிடிக்கும் காகிதத்தால் மட்டுமே முடிந்த ஒரு வித்தை. காமிக்ஸ் என்ற கலையை ஏன் இவ்வளவு மதிக்கிறேன் என்று யாருக்காவது காட்ட வேண்டுமென்றால் நான் நீட்டுவது இந்த இதழைத்தான்.

ஜெஃப் லெமயரும் டிராவல் ஃபோர்மனும் செய்த ‘அனிமல் மேன்’ இன்னொன்று. வீட்டில் நாய் வேண்டும் என்று அடம்பிடிக்கும் சிறுமி மேக்சின், முதல் இதழின் முடிவில், செத்துப் புதைந்த பிராணிகளை எழுப்பிவைத்து அவற்றின் நடுவே நிற்கிறாள். எலும்பும் தோலுமாக அவை அவளைச் சுற்றி நிற்க, அவள் முகத்தில் பயமே இல்லை, ஆசைப்பட்டது கிடைத்த மகிழ்ச்சி மட்டும்தான். ஒரு குடும்பக் கதையும் ஒரு பயங்கரக் கதையும் ஒரே கட்டத்தில் இவ்வளவு இயல்பாகச் சேர்ந்து நான் பார்த்ததில்லை. பிரையன் அஸரெல்லோ, கிளிஃப் சியாங் கூட்டணியின் ‘வொண்டர் வுமன்’ பற்றித் தனியாகவே எழுதலாம். களிமண்ணில் பிறந்த டயானாவை, அதாவது வொண்டர் வுமனை, கிரேக்கக் கடவுள் ஸீயஸின் மகளாக மாற்றியது எனக்கு இன்றுவரை ஒப்பவில்லை. ஏழாம் இதழில் அவளுடைய இனத்தவரான அமேசான்களுக்கு அவர்கள் கொடுத்த குரூரமான பின்கதையை மன்னிக்கவும் முடியவில்லை. ஆனால் தலையில் மெழுகுவர்த்திகள் உருகி வழிந்து கண்களை மறைத்திருக்க உட்கார்ந்திருக்கும் பாதாளக் கடவுள் ஹேடீஸை ஒருமுறை பார்த்தவர் மறக்க மாட்டார். மூன்று ஆண்டுகள் ஒரே நோக்கோடு நடந்த தொடர் அது. ஒப்பாத கருத்தின் மேல் எழுந்த அழகான கட்டடம் என்றுதான் அதைச் சொல்வேன்.

இவற்றுள் மறுதொடக்கம் இல்லாவிட்டாலும் வந்திருக்கக்கூடியவை எவை என்று யோசித்தால் ஒரு விஷயம் தென்படுகிறது. பேட்மேனின் பழைய வாழ்க்கையை அவர்கள் பெரும்பாலும் தொடவே இல்லை. கிரீன் லான்டர்னையும் அப்படித்தான். நன்றாக விற்றுக்கொண்டிருந்த இருவரையும் அப்படியே விட்டுவிட்டு மற்றவர்களை மட்டும் கலைத்தார்கள். உலகில் வீரர்கள் தோன்றி ஐந்து ஆண்டுகள்தான் ஆகின்றன என்று ஒரு பக்கம் அறிவித்தார்கள். இன்னொரு பக்கம் புரூஸுக்கு டிக், ஜேசன், டிம், டேமியன் என்று அடுத்தடுத்துத் துணைவர்களான நான்கு ராபின்களும் இருந்தார்கள். டேமியனோ புரூஸின் சொந்த மகன், பத்து வயதுப் பையன். இந்தக் கணக்கை நேராக்க ரசிகர்கள் அப்போது பட்ட பாடு கொஞ்சமல்ல. எனக்கு அந்தக் கணக்கில் பெரிய அக்கறை இருந்ததில்லை. எதை வைத்துக்கொண்டார்கள், எதை எறிந்தார்கள் என்ற தேர்வுதான் உறுத்தியது.

காலம் நடந்த இடங்கள்

சூப்பர்ஹீரோ கதைகளில் காலம் நகர்வதில்லை. 1940-களில் முப்பது வயதாக இருந்தவன் இன்றும் முப்பதைத் தாண்டவில்லை. செத்தவர்கள் திரும்பி வருகிறார்கள், இடிந்த நகரம் அடுத்த மாதமே எழுந்து நிற்கிறது. இது இந்த வகைமையின் இயல்பு, தெரிந்துதான் வாசிக்கிறோம். ஆனால் நான் வளர்ந்த டி.சி. உலகத்தில் இந்த விதியை மீறிக் காலம் உண்மையாகவே நடந்துபோன சில இடங்கள் இருந்தன. 1985-இல், டி.சி. தன் உலகத்தை முன்பு ஒருமுறை துடைத்தெழுதிய ‘கிரைசிஸ் ஆன் இன்ஃபினிட் எர்த்ஸ்’ எட்டாம் இதழில், அதிவேக வீரன் ஃப்ளாஷான பேரி ஆலன் செத்தான். அவனுடைய சிறுவன் துணைவனாக இருந்த வாலி வெஸ்ட் அந்த உடையை அணிந்து ஃப்ளாஷ் ஆனான். முதலில் தடுமாறினான், பிறகு தேர்ந்தான், காதலித்தான், லிண்டாவை மணந்தான், தகப்பன் ஆனான். 1996-இல் சூப்பர்மேனான கிளார்க்கும் அவன் காதலி லோயிஸும் திருமணம் செய்துகொண்டார்கள். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் இழுத்த ஒரு கண்ணாமூச்சி முடிந்து அவர்கள் ஒரே வீட்டில் வாழத் தொடங்கினார்கள். பார்பரா, ஜோக்கரின் குண்டு முதுகெலும்பைத் தாக்கிய பிறகு, சக்கர நாற்காலியிலிருந்தே கணினி வழியாக மற்ற வீரர்களுக்கு உதவும் ஆரக்கிள் ஆனாள்.

இந்த மூன்றையும் வரிசையாக எழுதிப் பார்த்தபோதுதான் எனக்கு நடந்தது விளங்கியது. ஒரே மாதத்தில் மூன்றும் போயின. வாலி இல்லை, அப்படி ஒருவன் பிறந்ததாகவே தெரியவில்லை. திருமணம் நடக்கவில்லை, புதிய ‘சூப்பர்மேன்’ முதல் இதழில் கிளார்க் லோயிஸின் வீட்டுக்குப் போனால் உள்ளே இன்னொருவன் இருக்கிறான். ஆரக்கிள் இல்லை. பார்பராவுக்குப் பின் பேட்கேர்ளாக வந்த கஸாண்ட்ரா கெய்னும் ஸ்டெஃபனி பிரவுனும் சுவடில்லாமல் மறைந்தார்கள். ஒருபோதும் மாறாத புரூஸ் மட்டும் பத்திரமாக இருந்தான். ஆக, அவர்கள் துடைத்தது சிக்கலான வரலாற்றை அல்ல. யாரெல்லாம் வளர்ந்தார்களோ அவர்களை எல்லாம் பார்த்துப் பார்த்துத் துடைத்தார்கள். ஒரு வாசகன் இருபது வயதிலிருந்து நாற்பது வயதுக்குப் போகும்போது கூடவே நடந்து வந்தவர்கள் அந்த மூவரும்தான். எங்களைப் போன்றவர்களின் கோபத்தை, எந்த இதழில் எது நடந்தது என்ற புள்ளிவிவரப் பித்து என்று அப்போது பலர் தள்ளிவிட்டார்கள். சேர்ந்து வயதான ஒரு துணையைப் பிடுங்கிக்கொண்டால் வரும் வலி அது.

இதற்கு ஒரு வலுவான எதிர்வாதம் உண்டு, அதை நானே எனக்குள் பலமுறை எழுப்பியிருக்கிறேன். வாலி ஃப்ளாஷ் ஆனதே 1985-இன் துடைப்பால்தானே? அன்று பேரிக்காக அழுதவர்களுக்கு நீ என்ன பதில் வைத்திருக்கிறாய்? பதில் இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். பேரியின் சாவைப் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள். அவன் ஓடி ஓடி உடல் கரைந்து போவதை ஜார்ஜ் பெரேஸ் வரைந்தார், நாம் பார்த்தோம். அதற்குப் பிறகு வாலியின் ஒவ்வொரு ஓட்டத்திலும் அந்த இழப்பு கூடவே ஓடியது. 2011-இல் யாரும் சாகவில்லை. ஸ்டெஃபனி சாகவில்லை, முன்பு இருந்திருக்கவும் இல்லை. துக்கம் அனுசரிக்கவே இடமில்லாத ஒரு இழப்பு. அவளுடைய தொடரின் எழுத்தாளர் பிரையன் க்யூ. மில்லர் மட்டும், கடைசி இதழான 24-இல், மயக்க மருந்தின் பிடியில் ஸ்டெஃபனி காணும் கனவாக, அவளுக்கு வந்திருக்கக்கூடிய எதிர்காலங்களைப் பக்கம் பக்கமாக அடுக்கிக் காட்டினார். எவையும் வரப்போவதில்லை என்று அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். தன் கைக்கு எட்டிய இடத்தில் அவர் ஒரு விடைபெறலை வைத்தார். அந்தப் பண்புக்காக அவரை மறக்க மாட்டேன்.

நிறுவனத்துக்கும் விடைபெறத் தெரியும் என்பதுதான் கொடுமை. ‘ஃப்ளாஷ்பாயின்ட்’ ஐந்தாம் இதழின் கடைசிப் பக்கங்களில், அழிந்துபோன இன்னொரு உலகத்தில் வாழ்ந்த தாமஸ் வெய்ன் தன் மகனுக்கு எழுதிய கடிதத்தைப் பேரி கொண்டுவந்து கொடுக்கிறான். புரூஸ் அதை வாசித்து அழுகிறான். ஓர் உலகம் இல்லாமல் போகும்போது அதிலிருந்து ஒருவருக்கு ஒரு சொல்லாவது வந்து சேர வேண்டும் என்பது அந்தக் காட்சியை எழுதியவருக்குப் புரிந்திருக்கிறது. அந்தக் கடிதம் புரூஸுக்குத்தான் வந்தது. எதையும் இழக்காத ஒருவனுக்கு.

ஆரக்கிள்

மற்ற இருவரையும்விட பார்பராவுக்கு நடந்தது என்னை ஏன் அதிகம் உலுக்குகிறது என்று சொல்ல, 1988-க்குப் போக வேண்டும். ‘தி கில்லிங் ஜோக்’ வெளிவந்த ஆண்டு. கதவைத் திறக்கிறாள், வாசலில் ஜோக்கர், கையில் துப்பாக்கி. அந்தக் கதையில் அவளுக்கு அவ்வளவுதான் வேலை: சுடப்படுவது, அதைப் பார்த்து அவள் அப்பாவும் பேட்மேனும் துடிப்பது. அதோடு அவளை ஓரங்கட்டிவிட்டிருப்பார்கள். கிம் யேலும் அவருடைய கணவர் ஜான் ஆஸ்ட்ராண்டரும்தான் விடவில்லை. 1989-இல் ‘சூசைட் ஸ்குவாட்’ 23-ஆம் இதழில், யாரென்று தெரியாத ஒரு கணினி வல்லுநர் ‘ஆரக்கிள்’ என்ற பெயரில் உதவ முன்வருகிறார். அது பார்பரா என்பது பின்னால்தான் தெரிகிறது. அங்கிருந்து தொடங்கி இருபது ஆண்டுகளுக்கு மேல், டி.சி. உலகின் வீரர்கள் அனைவரும் அவசரத்துக்குக் கூப்பிடும் குரல் அவளுடையது.

1996-இல் அதே இருவர் எழுதி பிரையன் ஸ்டெல்ஃப்ரீஸ் வரைந்த ஒரு சிறு கதையில் அவள் ஆரக்கிள் ஆன விதம் சொல்லப்படுகிறது. ரிச்சர்ட் டிராகனிடம் இரட்டைக் கழி வித்தை பயில்கிறாள், நாற்காலியில் உட்கார்ந்தபடியே. இழந்ததைத் திரும்பப் பெறும் பயிற்சியாக அது எழுதப்படவில்லை. இருக்கும் உடலை வைத்து என்ன முடியும் என்பதை அவள் கண்டுபிடிக்கும் பயிற்சி. பேட்கேர்ளாக இருந்தபோது அவள் பேட்மேனின் நிழலில் ஒருத்தி. ஆரக்கிளாக அவள் யாருடைய நிழலும் இல்லை. பேட்மேனே அவளிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. யாரோ ஒருவனின் கதைக்காகச் சிதைக்கப்பட்ட பெண் தன் கதையைத் தானே எழுதி முடித்தாள் என்றால், அதற்கு இணையான இன்னொரு உதாரணம் இந்த வகைமையில் எனக்குத் தெரிந்து இல்லை. சக்கர நாற்காலியில் வாழும் வாசகர்கள் பலர், பக்கங்களில் தங்களைப் பார்த்தது அவள் வழியாகத்தான் என்று 2011-இல் எழுதினார்கள். பறக்கிறவர்களும் சுவரில் ஏறுகிறவர்களும் எத்தனையோ பேர் இருக்கிறார்கள்; நாற்காலியில் இருந்தபடி அவர்களை வழிநடத்தியவள் ஒருத்திதான்.

மறுதரப்பையும் சொல்ல வேண்டும். 1993-இல் பேன் என்ற வில்லன் முதுகெலும்பை முறித்த பேட்மேன் அடுத்த ஆண்டே எழுந்து வந்துவிட்டான். மாயக் குளங்களும் வேற்றுக்கிரக மருத்துவமும் உள்ள உலகத்தில் எல்லோரும் குணமாக, ஒரு பெண் மட்டும் குணமாகாமல் இருப்பது அநீதி இல்லையா? இந்தக் கேள்வியை எளிதில் ஒதுக்க முடியாது. கேல் சிமோன் ‘பேர்ட்ஸ் ஆஃப் பிரே’ தொடரில் பல ஆண்டுகள் ஆரக்கிளை எழுதியவர். அவளை நடக்கவைக்கும் யோசனையை முன்பு எதிர்த்தவர். அவரே பிறகு மனம் மாறிப் புதிய பேட்கேர்ளை எழுத ஒப்புக்கொண்டதில் இந்தக் கேள்விக்கும் பங்கு உண்டு.

அந்த மாற்றம் நடந்த வேகம்தான் என்னை அதிர வைத்தது. 2011 ஆகஸ்டில் ‘டிடெக்டிவ் காமிக்ஸ்’ 881 வருகிறது. பார்பராவின் சகோதரன் ஜேம்ஸ், கொலைகாரன், அவளைப் பிடித்துவைத்துக் கத்தியால் குத்துகிறான். அவளால் எழ முடியாது. தன் உடலில் பாய்ந்திருக்கும் கத்தியையே உருவி அவனைத் திருப்பித் தாக்குகிறாள். ஆரக்கிள் என்பவள் யார் என்பதற்கு அந்தக் கட்டம் ஒன்றே போதும். அடுத்த மாதம் ‘பேட்கேர்ள்’ முதல் இதழ். மூன்று ஆண்டுகள் மட்டும் நாற்காலியில் இருந்தாளாம். தென்னாப்பிரிக்காவில் ஒரு மருத்துவமனையில் சிகிச்சை நடந்ததாம். ஆரக்கிளின் இருபது ஆண்டுகள் போன இடம் தெரியவில்லை.

அண்ணன் மகள் வாசித்த பார்பரா

இந்தக் கோபத்தோடு நான் உறுதியாக உட்கார்ந்திருந்த காலத்தில்தான் என் அண்ணன் மகள் காமிக்ஸ் வாசிக்கத் தொடங்கினாள். என் அலமாரியிலிருந்து அவளாகவே உருவிய முதல் தொகுப்பு, நான் பின்வரிசையில் தள்ளிவைத்திருந்த அந்த ‘பேட்கேர்ள்’. அவள் அதை முடிக்கும்வரை நான் வாயைத் திறக்கவில்லை. முடித்ததும் வந்து கேட்டாள்: “சித்தப்பா, இவள் ஏன் அந்த மருத்துவமனையில் அசையாமல் நிற்கிறாள் தெரியுமா?” எந்த இடம் என்று எனக்குத் தெரியும். மிரர் என்ற வில்லன், சாக வேண்டிய இடத்தில் அதிசயமாகப் பிழைத்தவர்களைத் தேடிப் பிடித்துக் கொல்கிறவன். அவன் கையிலுள்ள பட்டியலில் பார்பரா கார்டனின் பெயரும் இருக்கிறது. மருத்துவமனை அறையில் அவன் துப்பாக்கியைத் திருப்பும்போது, அது அவளுடைய பழைய காயத்தைக் குறிபார்க்கிறது. அவள் உறைந்துவிடுகிறாள். அந்தச் சில கணங்களில் அறையிலிருந்த ஒருவர் சாகிறார். உடனிருந்த பெண் காவலர் பேட்கேர்ளைப் பார்த்துக் கொலைகாரி என்று கத்துகிறார்.

“பயந்துவிட்டாள்,” என்றேன். “பயம் மட்டும் இல்லை,” என்றாள் அவள். “தான் ஏன் பிழைத்தோம் என்று அவளுக்கே தெரியவில்லை. குணமானது தனக்குக் கிடைத்திருக்கக் கூடாத ஒன்று என்று நினைக்கிறாள். அந்த வில்லனும் அதையேதான் சொல்கிறான். அதனால்தான் அவளால் அவனை அடிக்க முடியவில்லை.” நான் அந்த இதழை அவளைவிட எத்தனையோ மடங்கு அதிக முறை வாசித்தவன். அந்தப் பட்டியலையும் பார்பராவின் குற்ற உணர்ச்சியையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றியதில்லை; நான் பக்கங்களில் இல்லாத ஆரக்கிளைத் தேடிக்கொண்டிருந்தேன். எழுதியவர் அந்தச் சங்கடத்தை மறைக்கவில்லை என்பது அன்றுதான் உறைத்தது. ஆரக்கிளின் வாசகர்கள் கேட்ட ‘ஏன் இவள் மட்டும்?’ என்ற கேள்வியைக் கேல் சிமோன் வில்லனின் வாயிலேயே வைத்திருக்கிறார். நிறுவனம் எடுத்த முடிவுக்குள் நின்றுகொண்டு, அந்த முடிவின் விலையை ஒரு கதையாக்கியிருக்கிறார். அது பெரிய எழுத்து. அதைச் சொல்லாமல் விட்டால் எனக்கு நேர்மையில்லை.

அதன் பிறகு ஆரக்கிளின் பழைய கதைகளை அவளிடம் கொடுத்தேன். இரட்டைக் கழிக் கதையை முதலில். பல நாள் வைத்திருந்து வாசித்தாள். திருப்பித் தரும்போது, “இவள் வேறொருத்தி, சித்தப்பா. எனக்கு இரண்டு பேரும் வேண்டும்,” என்றாள். இரண்டில் எது உசத்தி என்று நான் கேட்கவில்லை. அவளுக்கு அந்தக் கேள்வியே தேவைப்படவில்லை. எனக்கு அது தேவைப்பட்டதற்குக் காரணம் நானோ இந்த இரண்டு கதைகளோ அல்ல. ஒருத்தி வர வேண்டுமானால் இன்னொருத்தி இல்லாமல் போக வேண்டும் என்று 2011-இல் போட்ட நிபந்தனை அது. புதிய பார்பராவின் மேல் எனக்கிருந்த கோபம் அன்றோடு போய்விட்டது. அந்த நிபந்தனையின் மேல் உள்ள கோபம் அப்படியே இருக்கிறது, கொஞ்சம் கூர்மையாகவே.

திரும்ப வந்தவர்கள்

ஐந்து ஆண்டுகள் கழித்து நிறுவனமே ஏறக்குறைய இதை ஒப்புக்கொண்டது. 2016 மே மாதம் வந்த ‘டி.சி. யூனிவர்ஸ் ரீபெர்த்’, 80 பக்க இதழ். காலத்துக்கு வெளியே சிக்கிய வாலி வெஸ்ட், தன்னை யாராவது நினைவு வைத்திருக்கிறார்களா என்று ஒவ்வொருவராகத் தேடிப் போகிறான். யாருக்கும் நினைவில்லை. லிண்டாவுக்கும் இல்லை. கடைசியில், நன்றி சொல்லி விடைபெறத்தான் பேரியிடம் வருகிறான். கரைந்து மறையப்போகும் கணத்தில் பேரிக்கு நினைவு வந்துவிடுகிறது. கையைப் பிடித்து இழுத்து அணைத்துக்கொள்கிறான். மன்னிப்பும் கேட்கிறான். யாரோ நம்மிடமிருந்து பத்து ஆண்டுகளைத் திருடிவிட்டார்கள் என்று அந்த இதழில் வாலி சொல்கிறான். நான் இத்தனை காலம் தேடிக்கொண்டிருந்த வாக்கியத்தை அந்த நிறுவனத்தின் தலைமைப் படைப்பாளிகளில் ஒருவரான ஜெஃப் ஜான்ஸே எழுதிவிட்டார். கிளார்க்–லோயிஸ் தம்பதியும் திரும்பினார்கள், மகனோடு. ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ 957 என்ற எண்ணோடு பழைய வரிசைக்குப் போனது: பழைய 904, நியூ 52-இன் 52, அதற்கடுத்தது. துடைக்கப்பட்டதும் துடைத்ததும் ஒரே கணக்கில் சேர்ந்தன. 2018-இல் வந்த ஆயிரமாவது இதழைக் கையில் எடுத்தபோது அந்தக் கணக்கு எனக்குப் பிடித்திருந்தது. நல்லதையும் கெட்டதையும் சேர்த்தே எண்ணுவதுதான் முறை. வாலியைத் திரும்பக் கொண்டுவந்த கையோடு ‘ஹீரோஸ் இன் கிரைசிஸ்’ கதையில் அவன் மேல் அத்தனை சாவுகளின் பழியைப் போட்டார்கள். அது ஆறப் பின்னால் வேறு எழுத்தாளர்கள் வர வேண்டியிருந்தது. மேற்கொண்டு அதைப் பேச எனக்கு விருப்பமில்லை.

2024 அக்டோபரில் ‘அப்சல்யூட் பேட்மேன்’ முதல் இதழ் வந்தபோது பழைய பயம் திரும்பியது. ஸ்காட் ஸ்நைடர், நிக் டிரகோட்டா. புரூஸிடம் பணமில்லை, பொறியாளர், அம்மா உயிரோடு இருக்கிறார். அடித்தளத்தையே மாற்றிய கதை. ஆனால் இந்த முறை பழைய புரூஸும் அடுத்த அலமாரியில் அதே மாதம் இருக்கிறான். யாரையும் வெளியேற்றாமல் புதியவர்கள் உள்ளே வந்திருக்கிறார்கள். இரண்டையும் வாங்குகிறேன், இரண்டையும் முழு மனதோடு வாசிக்கிறேன். என் அண்ணன் மகள் சொன்னதை யாரோ ஒரு அலுவலக அறையில் தாங்களாகவே கண்டுபிடித்துவிட்டார்கள் போலிருக்கிறது.

ஸ்டெஃபனி 2014-இலும் கஸாண்ட்ரா 2015-இலும் திரும்பினார்கள். 2021 இறுதியில் ‘பேட்கேர்ள்ஸ்’ தொடங்கியபோது அவர்கள் இருவரும் முகமூடியில், பார்பரா மறுபடி ஆரக்கிளாக அவர்களுக்கு வழிகாட்டியாக. மாதாமாதம் ஆசையாக வாசித்தேன். ஆனால் அந்த ஆரக்கிள் நடக்கிறாள், அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. வாலிக்குத் தன் பத்து ஆண்டுகளைக் கேட்க எண்பது பக்கங்கள் கிடைத்தன. கிளார்க்குக்கு மனைவியும் மகனும் கிடைத்தார்கள். பார்பராவிடமிருந்து எடுத்ததைப் பற்றி அவளையே பேசவிட்ட கதை இன்னும் வரவில்லை. நாற்காலியில் இருந்த ஆண்டுகள் அவளுக்கு நினைவு வரட்டும். அந்த ஆண்டுகளில் தான் யாராக இருந்தோம் என்பதை, மூன்றாண்டு நோயாளியாக அல்லாமல், இருபதாண்டு ஆரக்கிளாக அவள் எண்ணிப் பார்க்கட்டும். நடப்பதில் மகிழ்ச்சி இருந்தால் அதையும் சொல்லட்டும், இழந்தது இன்னதென்று அதையும் சொல்லட்டும். பத்துப் பக்கம் போதும். கேல் சிமோனே எழுதினால் இன்னும் நல்லது. அட்டையில் எந்த எண் இருந்தாலும் அந்த இதழில் இரண்டு பிரதி வாங்குவேன், ஒன்று என் அண்ணன் மகளுக்கு.